உடம்புக்கு மணி சொல்லும் வெளிச்சம்

ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே அளவு. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஓரளவு ஏறிவிட்டுச் சீக்கிரமே இறங்குகிறது. அதையே இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் கூடுதலாக ஏறுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஆரோக்கியமானவர்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களின் சர்க்கரை அளவு காலையைவிட 17 சதவீதம் கூடியிருந்தது. சாப்பிட்டவுடன் கணையம் அவசரமாக விடவேண்டிய இன்சுலின் இரவில் குறைவாகவே வந்திருந்தது.

அப்படியானால் கணையத்துக்கு மணி தெரிகிறது. உடம்பின் இருட்டுக்குள், வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் ஓர் உறுப்புக்கு, வெளியே இப்போது பகலா இரவா என்று யார் சொன்னது?

சொன்னது வெளிச்சம். கண் வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு உறுப்புக்கும் செய்தியாகப் போய்ச் சேர்ந்த வெளிச்சம். உடம்பு எப்போது ஆற்றலைச் செலவழிக்கவேண்டும், எப்போது சேமிக்கவேண்டும், எப்போது பழுது பார்க்கவேண்டும் என்பதெல்லாம் இந்தச் செய்தியை நம்பித்தான் நடக்கிறது. சாப்பாட்டை ஆற்றலாகவும் தசையாகவும் கொழுப்பாகவும் மாற்றும் வேலைகளைத்தான் மொத்தமாக வளர்சிதை மாற்றம் என்கிறோம். அதற்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவை அடியிலிருந்து பார்ப்போம்.

உள்ளே ஓடும் கடிகாரம்

1729இல் பிரெஞ்சு வானியலாளர் டி மெரான் ஒரு சின்னச் சோதனை செய்தார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி பகலில் இலைகளை விரிக்கும், இரவில் மடக்கும். சூரியனைப் பார்த்துத்தான் அப்படிச் செய்கிறதா என்று அறிய, செடியை வெளிச்சமே படாத இடத்தில் வைத்தார். அந்த இருட்டிலும் செடி பகல் நேரத்தில் விரித்தது, இரவு நேரத்தில் மடக்கியது. சூரியன் இல்லாமலேயே அதற்கு நேரம் தெரிந்திருந்தது.

நம் உடம்பிலும் அதுதான் நடக்கிறது. கடிகாரம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. மனிதர்களின் உள்கடிகாரம் ஒரு சுற்று வர சராசரியாக 24 மணி 11 நிமிடம் எடுக்கிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1999இல் கணக்கிட்டார்கள். 11 நிமிடம்தானே என்று தோன்றும். தினமும் 11 நிமிடம் பிந்திப்போகும் கடிகாரம் ஒரு மாதத்தில் ஐந்தரை மணி நேரம் பிந்திவிடும். அதை யாராவது தினமும் திருத்தி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் திருத்தும் வேலையைத்தான் வெளிச்சம் செய்கிறது. பார்வை முழுவதும் இழந்தவர்களில் பலருக்கு இந்தத் திருத்தம் கிடைப்பதில்லை. அவர்களுக்குத் தூக்கம் வரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். சில வாரங்கள் இரவில் நன்றாகத் தூங்குவார்கள், அடுத்த சில வாரங்கள் பட்டப்பகலில் கண் சொருகும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சோம்பல் போலத் தெரியும். உண்மையில் அது திருத்துவார் இல்லாமல் ஓடும் கடிகாரத்தின் வேதனை.

இந்தக் கடிகாரம் எதனால் ஆனது? செல்லுக்குள் சில மரபணுக்கள் சில புரதங்களைத் தயாரிக்கின்றன. புரதம் சேரச் சேர, ஒரு கட்டத்தில் அதுவே திரும்பிப் போய்த் தன்னைத் தயாரித்த மரபணுவை நிறுத்துகிறது. பிறகு புரதம் மெல்லச் சிதைந்து குறைகிறது. குறைந்ததும் தடை நீங்கி, மறுபடி தயாரிப்பு தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களை வைத்து இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரல், கணையம், தசை, கொழுப்புத் திசு என்று உடம்பில் எங்கு பார்த்தாலும் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அரிசிமணியைவிடச் சின்னது, சுமார் 20,000 நரம்பு செல்கள்தான். கண்ணிலிருந்து ஒரு தனி நரம்புப் பாதை நேராக இங்கே வந்து சேர்கிறது.

கண்ணில் இன்னொரு கண்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். விழித்திரையில் வெளிச்சத்தை உணர இரண்டே வகை செல்கள் உண்டு என்றுதான் பள்ளியில் படித்தோம்: மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்கள், நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்கள். நூறாண்டுக்கும் மேல் பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிவந்தன. 1990களில் ரஸ்ஸல் ஃபாஸ்டர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் பார்வை இழந்த எலிகளைக் கவனித்தார்கள். அந்த எலிகளால் எதையும் பார்க்க முடியாது. ஆனாலும் அவற்றின் உள்கடிகாரம் வெளிச்சத்துக்கு ஏற்பச் சரியாகத் திருந்திக்கொண்டிருந்தது. குச்சி, கூம்பு இரண்டும் அறவே இல்லாத எலிகளிலும் அப்படியே நடப்பதை 1999இல் காட்டினார்கள். கண்ணையே எடுத்துவிட்டால் மட்டும் அது நின்றுபோனது. அதாவது, பார்க்காத கண்ணும் வெளிச்சத்தை உணர்கிறது.

இதற்கான விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1998இல் ஒரு தவளையின் தோலில் நிறம் மாற்றும் செல்களை ஆராய்ந்தபோது, வெளிச்சத்தை உணரும் புதிய புரதம் ஒன்று கிடைத்தது. அதற்கு மெலனாப்சின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதே புரதம் மனித விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு செல்களில் ஒன்றிரண்டு சதவீதத்தில் மட்டும் அது இருந்தது. அந்தச் செல்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்பது 2002இல் உறுதியானது.

இந்த மூன்றாவது வகை செல்களின் குணம் வேறு. உருவம், எழுத்து, முகம் எதுவும் அவற்றுக்குப் பொருட்டில்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று மட்டும் நிதானமாகக் கூட்டிக்கொண்டே இருக்கும். 480 நானோமீட்டர் அலைநீளம் அளவிலான நீல ஒளிக்கு மிக நன்றாக அசையும். தெளிந்த வானத்தின் நீலம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. நீல ஒளி, நீல ஒளி என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். மஞ்சள், சிவப்பு ஒளிக்கு இந்தச் செல்கள் குறைவாகவே அசையும். ஆனால் வெளிச்சம் போதிய அளவு பலமாக இருந்தால் எந்த நிறமும் கடிகாரத்தைத் தொடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

இருட்டின் ஹார்மோன்

மாலையில் வெளிச்சம் குறைந்ததும் தலைமைக் கடிகாரம் தடையை விலக்குகிறது, மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இது ஆரம்பித்துவிடும். பலர் இதைத் தூக்க ஹார்மோன் என்கிறார்கள். இரவெல்லாம் ஓடித்திரியும் எலிக்கும் இது இரவில்தான் சுரக்கிறது, பகலில் அது தூங்கும்போது சுரப்பதில்லை. ஆகவே இருட்டின் ஹார்மோன் என்பதே பொருத்தம். இரவு வந்துவிட்டது, இரவு வேலைகளைத் தொடங்குங்கள் என்று உடம்பு முழுவதும் சொல்லிப்போகும் தண்டோராக்காரன் அது.

கணையத்தில் இன்சுலின் தயாரிக்கும் செல்களிலும் மெலடோனினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருப்பதும், இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுவதும் 2009இல் தெரியவந்தது. தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் நடுவில் இப்படி ஒரு நேர்க்கோடு இருக்கும் என்று அதற்கு முன் பெரும்பாலானோர் நினைத்திருக்கமாட்டார்கள். இரவில் நாம் சாப்பிடப்போவதில்லை என்ற நம்பிக்கையில் கணையம் அடங்கியிருக்கிறது. மெலடோனின் ஏறிய நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டால் அதை அரைத்தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி.

மெலடோனினை அடக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? 1980இல் வந்த முதல் முக்கிய ஆய்வு 2,500 லக்ஸ் அளவு பலமான வெளிச்சத்தை வைத்துச் சோதித்தது. லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. வீட்டு விளக்கு அந்த அளவை நெருங்காது என்பதால், மனிதர்களை வீட்டு விளக்கு பாதிக்காது என்று வெகுகாலம் நம்பினார்கள். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. தூங்கப்போகும் முன் 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கே, மங்கலான வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட மெலடோனின் சுரக்கும் காலம் சுமார் 90 நிமிடம் குறைந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, விளக்கு எரியும் எந்தச் சாதாரணக் கூடமும் போதும்.

விளக்கு எரிய ஓர் இரவு

சிகாகோவில் 2022இல் வெளியான ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆரோக்கியமான இளைஞர்கள் 20 பேர். முதல் இரவு எல்லோரும் இருட்டறையில் தூங்கினார்கள். இரண்டாம் இரவு பாதிப் பேர் அதே இருட்டில், மீதிப் பேர் 100 லக்ஸ் வெளிச்சத்தில். கூடத்தின் விளக்கை அணைக்க மறந்து, அதன் கீழேயே கண்ணயர்ந்துவிடுகிறோமே, ஏறக்குறைய அந்த வெளிச்சம்தான். அவர்களும் தூங்கத்தான் செய்தார்கள். ஆனால் வெளிச்சத்தில் தூங்கியவர்களின் இதயத் துடிப்பு இரவு முழுவதும் சற்று வேகமாகவே இருந்தது. மறுநாள் காலை சோதித்தபோது, அவர்களின் செல்கள் இன்சுலினுக்கு முன்போல் இணங்கவில்லை. ஒரே ஓர் இரவில் நடந்தது இது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இரு குழுவினரின் மெலடோனினிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிச்சம் வேறொரு வழியாக வந்திருக்கவேண்டும். ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் நரம்பு மண்டலம், இமை மூடியிருந்தும் உள்ளே கசிந்த வெளிச்சத்தால் இரவெல்லாம் அரைகுறையாக விழித்தே இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூங்கியவருக்கு எதுவும் தெரியாது. உடம்பு மட்டும் காவலுக்கு நின்றிருக்கிறது.

எலிகளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரவில் வெறும் 5 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் வளர்ந்த எலிகள் எடை போட்டன என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அவை கூடுதலாகத் தின்னவில்லை, ஓட்டமும் குறையவில்லை. மாறியது தின்னும் நேரம். ஓய்வெடுக்கவேண்டிய பகல் நேரத்தில் தின்னத் தொடங்கியிருந்தன. இரவில் மட்டும் தீனி வைத்தபோது எடை கூடவில்லை. வெளிச்சம் கடிகாரத்தைக் குழப்ப, குழம்பிய கடிகாரம் சாப்பாட்டு நேரத்தைக் குழப்ப, அதன் முடிவு உடம்பில் கொழுப்பாகத் தெரிந்தது. எலி இரவு விலங்கு என்பதால் இதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் இந்தச் சங்கிலி சிந்திக்கவைக்கிறது.

பெரிய அளவில் மனிதர்களைக் கவனித்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவில் 43,722 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், அறையில் விளக்கோ தொலைக்காட்சியோ எரியத் தூங்கியவர்களுக்கு 5 கிலோவோ அதற்கு மேலோ எடை கூடும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகமாக இருந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 85,000 பேர் மணிக்கட்டில் ஒளி அளக்கும் கருவியை ஒரு வாரம் கட்டிக்கொண்டார்கள். பின்னாளில் யாருக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று பார்த்தபோது, பின்னிரவில் அதிக வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இவை வெளிச்சம்தான் காரணம் என்று நிரூபிப்பதில்லை. விளக்கெரியத் தூங்குபவருக்குப் பணக்கஷ்டமோ, மனக்கவலையோ, வேறு நோயோ இருக்கலாம். ஆனால் ஆய்வகச் சோதனையும் எலிச் சோதனையும் இதையே சொல்லும்போது, தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பகலில் நாம் இருட்டில் இருக்கிறோம்

இரவில் பார்க்கும் போன் திரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பகலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் கருத்தில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நடுப்பகல் நேர்வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். விளக்குகள் பளிச்சென்று எரியும் அலுவலகத்தில் 300 முதல் 500 வரை. ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் வீட்டறையில் 100 கூடத் தேறாது. முழுநிலவில் 0.3க்கும் கீழே. இவ்வளவு வித்தியாசமும் நமக்கு உறைக்காததற்குக் காரணம், கண் தன்னை அந்தந்த இடத்துக்குத் தகவமைத்துக்கொள்வதுதான். அறைக்குள் வந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. பார்க்கும் கண்ணை அப்படிச் சமாதானப்படுத்தலாம். எண்ணிக்கொண்டிருக்கும் மூன்றாவது வகை செல்லைச் சமாதானப்படுத்த முடியாது. அதன் கணக்கில், நாள் முழுக்க அறைக்குள் இருப்பவருக்கு விடியவேயில்லை. மாலையில் விளக்குகளைப் போட்டதும், அஸ்தமிக்கவும் இல்லை. இரண்டும் கெட்டான் பொழுதாக ஒரே மங்கல் நீண்டுகொண்டே போகிறது.

அமெரிக்காவின் ராக்கி மலையில் எட்டுப் பேரை ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். டார்ச் கிடையாது, போன் கிடையாது. பகலில் சூரியன், இரவில் கணப்புத் தீ, அவ்வளவுதான். ஊரில் இருந்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைத்தது. ஒரே வாரத்தில் அவர்களின் உள்கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்து, சூரியன் மறையும் நேரத்தில் மெலடோனின் ஏறத் தொடங்கியது. 2013இல் வந்த இந்த ஆய்வில், வழக்கமாக நள்ளிரவுவரை விழித்திருப்பவர்களிடம்தான் மாற்றம் அதிகம். "நான் ராத்திரி ஆந்தை, என் பிறவியே அப்படி" என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர் உண்மையில் பகல் வெளிச்சம் கிடைக்காதவர்களாக இருக்கலாம்.

பகலில் நிறைய வெளிச்சம் பார்த்த கண், மாலை விளக்குக்கு அவ்வளவாக அசைவதில்லை என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பகலில் வெளியே நடப்பவருக்கு, இரவில் போன் திரையால் வரும் கெடுதலும் ஓரளவு குறையலாம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். அதனால் எல்லா நேரத்திலும் வெளிச்சத்தின் மதிப்பு ஒன்றல்ல.

சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2022இல் எளிய அளவுகளைச் சொன்னது. மெலனாப்சின் உணரும் விதத்தில் கணக்கிட்டு, கண் மட்டத்தில், பகலில் குறைந்தது 250 லக்ஸ், தூங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10க்கு மிகாமல், தூங்கும் அறையில் 1க்கு மிகாமல். தரையிலோ மேசையிலோ விழும் வெளிச்சம் கணக்கில் வராது, கண்ணில் விழவேண்டும்.

இதையும் வைட்டமின் டியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வைட்டமின் டி தோலில் உருவாகிறது, அதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் நேராகத் தோலில் படவேண்டும். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கடிகாரத்துக்கோ கண்ணில் படும் சாதாரண வெளிச்சம் போதும், ஜன்னலோர இருக்கையும் உதவும். வெயிலில் நிற்கவேண்டிய அவசியமே இல்லை, நிழலில் நடந்தாலும் ஆயிரக்கணக்கில் லக்ஸ் கிடைக்கும். சூரியனை நேராகப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது, விழித்திரை கருகிவிடும்.

இரவில் வேலை பார்ப்பவர்கள்

இரவுப்பணி பார்த்த எவரிடமும் பின்னிரவு மூன்று, நான்கு மணியைப் பற்றிக் கேளுங்கள். விசிறி ஓடாமலே குளிரும். உடம்பின் வெப்பம் அப்போதுதான் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். பசி என்றும் சொல்ல முடியாத ஒரு வெறுமை வயிற்றில் கிளம்பும். கை தானாக இனிப்பையோ பொரித்ததையோ தேடும். நானும் சில காலம் அப்படி வேலை பார்த்திருக்கிறேன். அது மனக்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்று என்னையே நொந்துகொண்டதுண்டு. கடிகாரத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது, வேலைக்கான வெளிச்சம் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலை அது.

2009இல் வந்த ஒரு சோதனையில் பத்துப் பேரின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் உள்கடிகாரத்துக்கு நேரெதிராகத் திருப்பிப்போட்டார்கள். சில நாட்களிலேயே சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் கூடின. போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 17 சதவீதம் குறைந்தது. அவர்களில் சிலரின் சர்க்கரை, நோயின் வாசற்படி அளவுக்குப் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று கருதப்படுபவற்றின் பட்டியலில் இரவுப்பணியை 2007 முதல் வைத்திருக்கிறது.

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் யாரோ விழித்திருப்பதால்தான் மற்றவர்கள் தூங்குகிறார்கள். அவர்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு சோதனையும் 2021இல் வந்திருக்கிறது. இரவுப்பணி போலவே நாட்களை மாற்றி அமைத்து, ஒரு குழுவுக்கு இரவிலும் சாப்பாடு கொடுத்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. இன்னொரு குழு இரவில் விழித்திருந்தது, ஆனால் பகலில் மட்டும் சாப்பிட்டது. அவர்களுக்குக் கூடவில்லை. 19 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனாலும் காரணம் விளங்குகிறது: மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, கல்லீரலின் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து ஓடுகிறது. வெளிச்சம் நம் கையில் இல்லாதபோதும் சாப்பிடும் நேரம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது, இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு.

வீட்டில் என்ன மாற்றலாம்

எல்லோரையும் வெளிச்சம் ஒரே மாதிரி தொடுவதில்லை. மாலை வெளிச்சத்துக்கு மெலடோனின் அடங்குவதில் ஆளுக்கு ஆள் 50 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதாக 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. குழந்தைகளின் கண்மணி அகலம், கண் வில்லை கண்ணாடிபோல் தெளிவு. அதே விளக்கு அவர்களை அதிகம் பாதிக்கும். முதியவர்களின் வில்லை மஞ்சளடித்திருக்கும், நீல ஒளி குறைவாகவே உள்ளே போகும். ஆகவே அவர்களுக்குப் பகல் வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். வீட்டில் வயதானவர்களின் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போடுவது சின்ன வேலைதான், ஆனால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி வாங்குவதற்கு முன், மாலையில் உச்சிவிளக்கை அணைத்துவிட்டு மேசை மட்டத்தில் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியைவிட அது பலன் தரும் என்பது என் எண்ணம். போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் நல்லது. தூரம் இரண்டு மடங்கானால் கண்ணில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

படுக்கையறையை இருட்டாக்கும்போது வயதானவர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரவில் கழிவறைக்கு எழுந்து இருட்டில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், அதற்கு முன் 100 லக்ஸின் கெடுதல் ஒன்றுமே இல்லை. அதற்காக உச்சிவிளக்கை எரியவிடவும் வேண்டாம். சிவப்போ ஆரஞ்சோ கலந்த சின்ன விளக்கு ஒன்றை, கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே சுவரோரமாகப் பொருத்துங்கள். படுத்திருப்பவர் கண்ணில் அது நேராகப் படாது. எழுந்து காலைக் கீழே வைத்ததும் தரை தெரியும்.